அச்சேறாத அட்டைகள்

ஓர் இசைத்தட்டுக்கு உறை ஒன்றுதான். ஆனால் அந்த ஓர் உறைக்காக வரைந்து பார்த்த படங்கள் ஐந்தும் இருக்கும், பத்தும் இருக்கும். தேர்வான ஒன்று அச்சாகிக் கடைக்குப் போகிறது. மற்றவை என்ன ஆகின்றன? பெரும்பாலும் ஓவியரின் மேசைக்குக் கீழே சுருட்டிக் கிடக்கும். பிறகு வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேரும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் பலர். ஜே.ஜே. கலைப் பள்ளியிலும், பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பிரிவிலும், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் சேர வேண்டும் என்று முயலும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய அறையில் குவியும் தாள்களைப் பார்த்து, "இதையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறாய்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தின் கதையைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். அந்த நிறுவனத்தில் பயன்படாமல் போனவை, செய்யாமல் விட்டவை, கேட்டபடி செய்யப்படாதவை ஆகியவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு ஓரளவுக்குக் காப்பாற்றப்பட்டும் இருக்கிறது.

அந்த நிறுவனம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1978 முதல் 1992 வரை இயங்கிய ‘ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்’.

மான்செஸ்டர் என்றதும் தமிழர்களுக்குக் கோயம்புத்தூர் நினைவுக்கு வரும். பருத்தி ஆலைகளால் அந்தப் பட்டப்பெயர் கோவைக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் 1970-களின் அசல் மான்செஸ்டர், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுச் செங்கல் கட்டடங்கள் வெறிச்சோடிக் கிடந்த ஊர். அந்த ஊரில் கிரனடா தொலைக்காட்சியில் நிகழ்ச்சி வழங்கிவந்த டோனி வில்சனும், ஆலன் எராஸ்மஸ் என்ற நடிகரும் சேர்ந்து 1978 மே மாதம் ஒரு மன்றத்தில் வெள்ளிக்கிழமை இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்கள். அதற்கு ‘ஃபேக்டரி’, அதாவது ஆலை, என்று பெயர். விரைவிலேயே இசைத்தட்டும் வெளியிட்டார்கள். எராஸ்மஸ் குடியிருந்த பாலட்டைன் சாலை வீடுதான் அலுவலகம். பீட்டர் சேவில் என்ற இளம் வடிவமைப்பாளரும், மார்ட்டின் ஹானெட் என்ற ஒலிப்பதிவுத் தயாரிப்பாளரும், ராப் கிரெட்டன் என்ற குழு மேலாளரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

நம் வீடுகளில் பழைய எச்.எம்.வி. தட்டுகளின் நடுவே வட்டமான ஒரு சீட்டு ஒட்டியிருக்கும் அல்லவா? அதற்குத்தான் ‘லேபிள்’ என்று பெயர். காலப்போக்கில் அந்தச் சொல் நிறுவனத்தையே குறிக்கத் தொடங்கிவிட்டது. பெரிய நிறுவனங்களின் பணமோ அதிகாரமோ இல்லாமல் தனித்து நடப்பது தனி லேபிள். ஃபேக்டரி அந்த வகை. கிட்டாரில் தொடங்கிய இதன் குழுக்கள் சில ஆண்டுகளிலேயே சின்தசைசர், தாள இயந்திரம், கணினி என்று மின்னணு இசைக்கு வந்துவிட்டன. வட இங்கிலாந்தின் மின்னணு இசைக்கு இந்த லேபிள் ஒரு முக்கியமான வாசல்.

எல்லாவற்றுக்கும் ஓர் எண்

மற்ற நிறுவனங்கள் இசைத்தட்டுகளுக்கு மட்டும் பட்டியல் எண் கொடுக்கும். ஃபேக்டரி தன் கையில் பட்ட எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தது. ‘ஃபேக் 1’ ஒரு சுவரொட்டி. ‘ஃபேக் 2’தான் முதல் இசைத்தட்டு. ‘ஃபேக் 51’ என்பது 1982 மே 21 அன்று அவர்கள் திறந்த ஹாசியெண்டா என்ற நடன மன்றம். (அதே 1982 ஜனவரியில்தான் நம் மும்பையின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் போனபின் அந்தக் கட்டடங்களில் என்ன வரும் என்று இரண்டு ஊர்களுமே பிறகு பார்த்துவிட்டன.) ஹானெட் தன் சொந்த நிறுவனத்தின் மீதே தொடுத்த வழக்குக்கு 61 என்ற எண். கிரெட்டனின் பல் சிகிச்சைக்கு 99. மன்றத்தில் வளர்ந்த பூனைக்கு 191. 2007-இல் வில்சன் காலமானபோது அவருடைய சவப்பெட்டிக்குக்கூட 501 என்று எண் இட்டார்கள்.

இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி அப்படித்தான். ஆனால் இந்தக் கிறுக்கால் ஒரு பெரிய பலன் கிடைத்தது. விற்பனைக்கு வந்த பொருள், வராத பொருள் என்ற பேதம் இல்லாமல் எல்லாம் ஒரே பதிவேட்டில் ஏறின. அதனால்தான் செய்யாமல் விட்ட ஒரு பொருளைப் பற்றிக்கூட இன்று நாம் பேச முடிகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஆர்ட் ஒர்க் எப்படி உருவானது?

முதலில் ஒரு விளக்கம், பிள்ளைகளுக்காக. இன்று கணினித் திரையில் நிறத்தை மாற்ற ஒரு நொடி போதும். 1980 வாக்கில் அப்படியில்லை. நம் ஊர் அச்சகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கெட்டியான ஓர் அட்டையில் எழுத்துகளைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் வெட்டி ஒட்டுவார்கள். அதன்மேல் பட்டர் பேப்பர் ஒன்றைப் போர்த்தி, எந்த இடத்தில் எந்த நிறம், எவ்வளவு சுருக்கம், எங்கே வெட்டு என்று பென்சிலால் எழுதுவார்கள். இதுதான் ஆர்ட் ஒர்க். இதைக் காமிராவில் பிடித்து பிலிம் எடுத்து, பிலிமிலிருந்து தகடு செய்து, தகட்டை ஆஃப்செட் மெஷினில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு.

ஆகவே மனம் மாறினால் செலவு. பிலிம் எடுத்த பிறகு மனம் மாறினால் பெரும் செலவு. எனவே யோசனைகள் பெரும்பாலும் பென்சில் நிலையிலேயே பிறந்து, அங்கேயே மடிந்தன. அந்தப் பென்சில் தாள்களும் பட்டர் பேப்பர்களும்தான் ஒரு லேபிளின் பயன்படாத கலை. வடிவமைப்பாளர் என்ன நினைத்தார், பாடகர் என்ன கேட்டார், அச்சகத்தார் எதற்கு மறுத்தார் என்ற மூன்று குரல்களும் அந்தத் தாள்களில்தான் இருக்கும். அச்சாகி வந்த உறையில் எஞ்சுவது முடிவு மட்டுமே.

நேரம் தப்பிய சுவரொட்டி

பீட்டர் சேவில் 1955-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். அவ்வூர் பாலிடெக்னிக்கில் வரைகலை படித்து 1978-இல் வெளியே வந்தார். படிக்கும் காலத்தில் ஜெர்மானிய அச்செழுத்துக் கலைஞர் யான் சிஹோல்டின் பணிகளைப் பார்த்து மயங்கியவர். வில்சனைத் தேடிப் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, மன்ற நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டி செய்யும் வேலையைப் பெற்றார்.

பாலிடெக்னிக்கில் ஒரு பட்டறைக் கதவில் மஞ்சளும் கறுப்புமாக ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. இரைச்சல் மிகுந்த இடம், காதுக்குப் பாதுகாப்பு அணியவும் என்பது அதன் பொருள். சேவில் அதையே எடுத்துச் சுவரொட்டியின் மையமாக்கினார். இசை நிகழ்ச்சிக்கு வருகிறவனிடம் காதை மூடிக்கொள் என்று சொல்வது நல்ல குறும்புதான். ஒழுங்கான எழுத்துகள், அளவான இடைவெளிகள், தொழிற்சாலையின் மஞ்சள். இவற்றோடு ஒரு லேபிளின் முகமே பிறந்துவிட்டது.

ஆனால் முதல் நிகழ்ச்சிக்கு விளம்பரமாகச் சுவரில் ஒட்ட அது நேரத்துக்கு வந்து சேரவில்லை. சுவரொட்டி என்ற வகையில் அது தோல்வி. அப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான் ‘ஃபேக் 1’ என்ற முதல் எண் கிடைத்தது. பின்னாளில் ஹாசியெண்டா மன்றத்தைக் கட்டிய வடிவமைப்பாளர் பென் கெல்லி, அதன் தூண்களில் மஞ்சள்-கறுப்பு அபாயக் கோடுகளைத் தீட்டினார். விளம்பரமாக உதவாத ஒரு தாளின் நிறங்களே அந்த நிறுவனத்தின் கொடி நிறங்கள் போல ஆகிவிட்டன.

சேவில் தாமதத்துக்குப் பெயர் போனவர். நம் ஊர் அச்சகமாக இருந்தால் பொங்கல் மலரைச் சித்திரையில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார். இதை அவருடைய பெருமையாகச் சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தாமதத்தால் வந்த நஷ்டத்தை வேறு யாரோதான் சுமந்தார்கள்.

வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய உறை

1979 ஜூனில் ஜாய் டிவிஷன் என்ற குழுவின் முதல் நெடுந்தட்டு ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ வெளியானது. கறுப்பு உறை, நடுவே மலைத்தொடர் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெள்ளைக் கோடுகள். முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. இன்று தாதரில், கரோல்பாக்கில், எங்கே போனாலும் இந்தப் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்த இளைஞரைப் பார்க்கலாம். அது என்ன என்று அவரிடம் கேட்டால் இதயத் துடிப்பு என்பார் ஒருவர், மலை என்பார் இன்னொருவர்.

அது ஒரு நட்சத்திரத்தின் துடிப்பு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானிலிருந்து சீராக விட்டுவிட்டு வரும் வானொலி அலைகளைக் கண்டுபிடித்தார். அப்படித் துடிக்கும் விண்மீன்களுக்குப் பல்சர் என்று பெயர். அவர் கண்ட முதல் பல்சர் சி.பி. 1919. ஏறத்தாழ 1.337 நொடிக்கு ஒருமுறை அது துடிக்கிறது. பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹரால்டு கிராஃப்ட் என்ற ஆய்வாளர், போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு, அதன் அடுத்தடுத்த துடிப்புகளை வரிக்கு ஒன்றாகக் கணினியால் வரைந்து தம் 1970-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் சேர்த்தார். மொத்தம் 80 வரிகள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த அட்டைப் படம் ஒரு நட்சத்திரத்தின் வாழ்வில் சுமார் 107 நொடி. 1977-இல் வெளியான வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் இந்தப் படம் இடம்பெற்றது. அங்கிருந்து எடுத்துக் குழுவினர் சேவிலிடம் கொடுத்தார்கள்.

நம் பாடத்துக்கு வேண்டிய செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. குழுவினர் கேட்டது வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. சேவில் அதைத் தலைகீழாக்கினார். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. கலைக்களஞ்சியத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்த கோடுகள் கறுப்பில் வெள்ளையாகின. இப்படிச் செய்ததை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, உலகமே அறிந்த அந்தக் கறுப்பு உறைக்குப் பின்னால், கேட்கப்பட்டும் செய்யப்படாத ஒரு வெள்ளை உறை இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கறுப்பு உறையைப் பார்த்தால்தான் சேவில் செய்த முடிவின் எடை தெரியும். வெள்ளைத் தாளில் அந்தப் படம் ஒரு பாடப்புத்தக வரைபடம். கறுப்பில் அதுவே இரவு வானம். வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம்: கணினியில் அந்தப் படத்தை நிறம் மாற்றி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது சரி என்று அம்மா, அப்பா, தாத்தா ஒவ்வொருவரையும் கேளுங்கள். எல்லாரும் கறுப்பையே சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வாடிக்கையாளர் கேட்டதைச் செய்யாமல் விடலாமா என்பது வேறு கேள்வி. சம்பந்தப்பட்டவர்கள் நண்பர்கள், பணம் சிறிது, குழுவினரும் ஏற்றுக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் இது நடக்காது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இரண்டையும் செய்து, இரண்டையும் காட்டுவதே முறை.

இக்குழுவின் அடுத்த தட்டின் உறையிலும் ஒரு சோதனை வந்தது. இத்தாலியின் ஜெனோவா நகரக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ஒரு சமாதிச் சிற்பத்தின் புகைப்படத்தைக் குழுவினரே பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உறை தயாரானது. அந்த வேளையில், 1980 மே 18 அன்று, குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. சமாதிப் படத்தை இனிப் போடலாமா? துக்கத்தை வியாபாரம் ஆக்கினார்கள் என்று உலகம் பேசாதா? அந்த உறையும் பயன்படாத ஓவியங்களின் கட்டில் சேர்ந்திருக்க வேண்டியதுதான். முன்பே அவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது என்பதால் அப்படியே வெளியிட்டார்கள். அந்த முடிவு சரியே என்பது என் எண்ணம்; மாற்றியிருந்தால் அவர் கடைசியாகச் சம்மதித்த ஒன்றை அழித்தது போல ஆகியிருக்கும்.

இளவரசனைத் தேடிப் போய்

எஞ்சிய மூவரும், புதிதாகச் சேர்ந்த கில்லியன் கில்பர்ட்டும் ‘நியூ ஆர்டர்’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். இவர்களுடைய ‘ப்ளூ மண்டே’ 1983 மார்ச் 7 அன்று வெளியானது, ‘ஃபேக் 73’. தாள இயந்திரத்தின் அடியும் சின்தசைசரும் நிறைந்த ஏழரை நிமிட நடன இசை. பிரிட்டனில் 12 அங்குலத் தனித்தட்டுகளில் மிக அதிகமாக விற்றது இதுவே.

இதன் உறை கணினி ஃப்ளாப்பியைப் போல இருக்கும். குழுவின் இசைக்கூடத்துக்குப் போன சேவில், இசையைச் சேமிக்கப் பயன்படுத்திய 5¼ அங்குல ஃப்ளாப்பியைப் பார்த்தார். அவருக்கு அது புதிது. அழகான பொருளாகப் பட்டது. அதன் வட்டத் துளைகளை அப்படியே அட்டையில் வெட்டச் செய்தார். திருமணப் பத்திரிகையில் பிள்ளையார் உருவத்தைத் துளையாக வெட்டி, உள்தாளின் தங்க நிறம் தெரியும்படி செய்கிறார்களே, அதே வேலைதான்: பலகையில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்து, அதன் கீழ் அட்டையை அழுத்தி வெட்டுவது. துளை வழியே உள்ளுறையின் வெள்ளி நிறம் தெரிந்தது. முகப்பில் எழுத்தே இல்லை. ஓரத்தில் மட்டும் வண்ணக் கட்டங்கள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு குறி. குறிகளை எழுத்தாக மாற்றிப் படித்தால் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் வரும். படிக்க உதவும் வண்ணச் சக்கரம் வேறொரு தட்டின் பின்னட்டையில் இருந்தது!

வெட்டும் கூடுதல் நிறங்களும் சேர்ந்து உறை விலை ஏறிவிட்டது. விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டம் என்று சொல்வார்கள். எத்தனை பென்னி என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. பிந்திய பதிப்புகளில் துளைகளைக் கைவிட்டார்கள் என்பது உறுதி.

வண்ணச் சக்கரம் இருந்த அந்த மற்றொரு தட்டு, அதே ஆண்டு மே மாதம் வந்த ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’. அதிகாரம், ஊழல், பொய் என்று பொருள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் சேவிலுக்கு நினைவு வந்தவர் மாக்கியவெல்லி, அரசியல் சூழ்ச்சிக்கு இலக்கணம் எழுதிய இத்தாலியர். எனவே மறுமலர்ச்சிக் காலத்து இளவரசன் ஒருவனின் உருவப்படத்தை உறையில் போடலாம் என்று எண்ணி, லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனார். தேடினார், எதுவும் பொருந்தவில்லை. இளவரசன் படம் போட்டால் தலைப்பையே மறுபடி ஒருமுறை சொன்னதாகத்தானே ஆகும்? வெளியே வரும் வழியில் அஞ்சலட்டைகள் வாங்கினார். அவற்றில் ஒன்று பிரெஞ்சு ஓவியர் ஃபாந்தான்-லாத்தூர் 1890-இல் வரைந்த ரோஜாக் கூடை. உடன் வந்த தோழி, உறைக்கு இதைத்தான் போடப் போகிறாயோ என்று வேடிக்கையாகக் கேட்டாராம். கேட்ட கணத்தில் சேவிலுக்குப் பொறி தட்டியது. ஊழலும் பொய்யும் நம்மிடம் கொடுவாளோடு வருவதில்லை, பூக்கூடையோடு வருகின்றன. ரோஜாப்படமே உறை ஆனது, ஓரத்தில் அதே வண்ணக் கட்டங்களுடன்.

வராத இளவரசனைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். ரோஜாக்கள் தற்செயல் அல்ல என்பதற்கு அவன்தான் சாட்சி. இளவரசனைத் தேடிக் களைத்த கண்ணுக்குத்தான் அந்தப் பூக்கள் அப்படித் தெரிந்தன. தெருவில் போகிற ஒருவர் அந்த அஞ்சலட்டையை வாங்கியிருந்தால் அத்தைக்குக் கடிதம் எழுதியிருப்பார், அவ்வளவுதான். கைவிட்ட யோசனையைப் பதிவு செய்யாவிட்டால், முடிவான யோசனை வானத்திலிருந்து விழுந்தது போலத் தோன்றும். அதைப் பார்த்துப் படிக்கும் மாணவன், தனக்கும் அப்படி விழும் என்று காத்துக்கொண்டிருப்பான்.

செய்யாத எட்டாம் எண்

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ‘ஃபேக் 8’ என்று பதிவேட்டில் இருப்பது ஓர் இசைத்தட்டு அல்ல. லிண்டர் என்ற பெண் கலைஞர் 1979-இல் முன்வைத்த ஒரு பொருள். அவரும் மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் படித்தவர். பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டி, பெண்களை விளம்பரங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கேலி செய்தவர். ‘லூடஸ்’ என்ற குழுவில் பாடியவர். அவர் வடிவமைத்தது பெண்களின் மாதச் சுழற்சியைக் கணக்கு வைக்கும் ஒரு கருவி. சமையலறையில் முட்டை வேக நேரம் பார்க்கும் கருவியின் ஆங்கிலப் பெயரையே அதற்குச் சூட்டினார். முட்டை என்பதும் கருமுட்டை என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் வந்த சிலேடை.

அந்தப் பொருள் தயாரிக்கப்படவே இல்லை. வடிவமாக நின்றுவிட்டது. ஆனால் எண் போகவில்லை. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே எட்டு இன்றும் அவருடையதாகவே நிற்கிறது.

இதைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். ஆண்களே நிறைந்த ஓர் இசை நிறுவனம். 1979-ஆம் ஆண்டு. மாதவிலக்கைப் பற்றிய ஒரு கலைப்பொருளைக் கடைக்குக் கொண்டுவரும் துணிச்சலோ பணமோ அங்கே இல்லாமல் போயிருக்கலாம். வேறு நிறுவனமாக இருந்தால் லிண்டர் வரைந்த தாள் குப்பையோடு போயிருக்கும். அப்படி ஒருத்தி யோசித்தாள் என்பதற்கே தடயம் இருந்திருக்காது. செய்யாத பொருளுக்கும் எண் உண்டு என்ற கிறுக்குப் பழக்கம் ஒரு பெண்ணின் யோசனையைக் காப்பாற்றியது. நிறுவனங்களின் பழைய காகிதங்களைப் புரட்டும் எவரும் கவனிக்க வேண்டிய ஒன்று இது: நிராகரித்த கட்டில் யாருடைய பெயர்கள் அதிகம் இருக்கின்றன?

நிறுவனம் மூடியபின்

நல்ல உறையும் நல்ல இசையும் மட்டும் கணக்கைச் சரிசெய்துவிடாது. மன்றத்தின் செலவு, புதிய அலுவலகக் கட்டடம், முடியாமல் இழுத்த ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்ந்து 1992 நவம்பரில் ஃபேக்டரி திவாலானது. வாங்க வந்த பெரிய நிறுவனத்துக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எல்லாம் இசைக் கலைஞர்களுக்கே சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தம் இல்லை என்ற பொருளில் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். விற்பதற்கு நிறுவனத்திடம் பாட்டுகளே இல்லை.

மிஞ்சியது காகிதங்கள். சேவிலின் பணிகள் 2003-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. 2006-இல் மேத்யூ ராபர்ட்சன் இந்த லேபிளின் வரைகலைப் பணிகளை எண் வரிசையில் தொகுத்து நூலாக்கினார். 2021-இல் மான்செஸ்டரின் அறிவியல், தொழில் அருங்காட்சியகம், வில்சன், கிரெட்டன் ஆகியோரின் குடும்பங்கள் பாதுகாத்த பொருள்களையும் சேர்த்து, முதல் 50 எண்களை மையமாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. கண்காட்சியின் பெயர் அந்த மஞ்சள் பலகையின் வாசகமே. நேரத்துக்கு வராத சுவரொட்டி நாற்பது ஆண்டுகள் கழித்துத் தன் ஊரிலேயே ஒரு கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தது.

நிராகரித்த படம் யாருக்குச் சொந்தம்?

நம் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி இது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவரே. அவர் ஆயுள் முழுவதும், மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஆனால் விலக்குகள் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில், அந்த வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை முதலாளியே முதல் உரிமையாளர். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே உரிமையாளர். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்று மாதிரி காட்டி ஒன்று தேர்வாகும்போதுதான். ஒன்றுக்குப் பணம் வந்தது, மற்ற இரண்டு? பின்னால் அந்த இரண்டில் ஒன்று வேறு நிறத்தில் எங்காவது அச்சாகி வந்து நிற்கும். இதைத் தடுக்க வக்கீல் வேண்டியதில்லை. மாதிரிகளைக் கொடுக்கும்போதே, தேர்வாகாதவை வரைந்தவருக்கே உரியவை, அவரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று இரண்டு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். சங்கத்து நாடக விளம்பரமாக இருந்தாலும் சரி, அக்காள் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. சொந்தக்காரரிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்று கூச்சப்படுவது நம் பழக்கம். பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டால் அந்தக் கூச்சமும் இல்லை.

தாள்களைப் பாதுகாக்கும் முறையும் எளிதுதான். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் தேதி, எந்த வேலைக்கு, எத்தனையாவது மாதிரி, ஏன் வேண்டாம் என்றார்கள் என்று எழுத வேண்டும். பேனா மை மறுபக்கம் ஊறும். வரிசையாக ஓர் எண் கொடுக்க வேண்டும். தேர்வானதற்கும் ஆகாததற்கும் ஒரே வரிசை. செல்லோ டேப் கூடாது, சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் படத்தையும் கெடுத்துவிடும். சுருட்டி வைக்காமல் தட்டையாக, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஈரம் ஏறும். கணினியில் செய்கிறவர்கள் பழைய கோப்பின் மேலேயே சேமிக்காமல் ஒவ்வொரு நிலையையும் தனிப் பெயரில் வைத்து, வேறொரு வட்டிலும் ஒரு பிரதி வைக்கலாம். கல்லூரி நேர்முகத் தேர்வில், முடிந்த படத்தைப் பார்த்தபின் ஆசிரியர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கட்டைத்தான்.